வயல் முதல் வாணலி வரை

பத்தாம் வகுப்பு மாணவி

அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய் ஆகிய இவை இல்லாத சமையலறை நம் நாட்டில் உண்டோ? அம்மா கேட்டவுடன் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். கேட்ட பொருள் கேட்ட அளவில் கிடைக்கிறது. ஒரு நாள் கிடைக்காவிட்டால் முகம் சுளிக்கிறோம். ஆனால் அந்தப் பொருள் யார் யார் கைகளைக் கடந்து, எத்தனை மைல் பயணம் செய்து, எந்தக் கணக்கின்படி அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பயணத்தையும் அதை நடத்தும் அறிவையும்தான் இக்காலத்தில் 'வழங்கல் சங்கிலி மேலாண்மை' என்று அழைக்கிறார்கள். பெயர் பெரியதாக இருந்தாலும் பொருள் எளியதே. அதை என்னால் இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கிலி என்பது என்ன?

விளைவிப்பவரிடமிருந்து உண்பவர் வரை ஒரு பொருள் பல கைகள் மாறுகிறது. உழவர், தரகர், ஆலை, மொத்த வியாபாரி, லாரி ஓட்டுநர், சுமை தூக்கும் தொழிலாளி, சில்லறைக் கடைக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒரு கண்ணி. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி முழுவதும் பயனற்றுப் போகும்.

இந்தச் சங்கிலியில் மூன்று வகை ஓட்டங்கள் உள்ளன. முதலாவது பொருளின் ஓட்டம். அது வயலிலிருந்து வீட்டை நோக்கி வருகிறது. இரண்டாவது பணத்தின் ஓட்டம். அது வீட்டிலிருந்து வயலை நோக்கிப் போகிறது. மூன்றாவது செய்தியின் ஓட்டம். எங்கே எவ்வளவு தேவை, எங்கே எவ்வளவு கையிருப்பு என்னும் செய்தி இருபக்கமும் ஓடுகிறது. பொருளையும் பணத்தையும் நாம் கண்ணால் காண்கிறோம். செய்தியைக் காண்பதில்லை. ஆயினும் மூன்றிலும் முக்கியமானது செய்தியே என்பதைப் பின்னால் காண்போம்.

விவிலியத்தில் ஒரு பண்டகசாலை

மேலாண்மை என்பது நேற்று வந்த கலை அன்று. தொடக்கநூலில் யோசேப்பின் வரலாற்றை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். எகிப்து மன்னனின் கனவுக்குப் பொருள் சொன்ன யோசேப்பு, ஏழு ஆண்டுகள் நல்ல விளைச்சலும், அதன்பின் ஏழு ஆண்டுகள் கொடிய பஞ்சமும் வரும் என்று அறிவித்தார். அத்தோடு நின்றுவிடாமல், விளைச்சல் ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு தானியத்தை நகரங்களில் சேமிக்கும்படி வழியும் கூறினார். பஞ்சம் வந்தபோது எகிப்தியர் மட்டுமன்றி, யோசேப்பின் சொந்தச் சகோதரர்களும் கானான் நாட்டிலிருந்து அங்கே தானியம் வாங்க வந்தார்கள்.

இதில் எவ்வளவு பாடம் இருக்கிறது பாருங்கள்! வருங்காலத் தேவையை முன்கூட்டி அறிதல், எவ்வளவு சேமிப்பது என்று கணக்கிடுதல், ஓரிடத்தில் குவிக்காமல் ஊருக்கு ஊர் கிடங்கு வைத்தல், தேவையான வேளையில் திறந்து கொடுத்தல் ஆகிய நான்கும் இன்றைய மேலாண்மை நூல்கள் கூறும் நான்கு தூண்களே.

ஒரு மளிகைக்கடையில் எத்தனை ஊர்!

நம் தெருமுனையில் உள்ள சிறிய மளிகைக்கடையையே எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பத்தடி இருக்கும் அந்தக் கடைக்குள் பாதி இந்தியா அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது. உப்பு தூத்துக்குடியிலிருந்து வருகிறது. மஞ்சள் ஈரோட்டுச் சந்தையிலிருந்து வருகிறது. ஏலக்காய் போடிநாயக்கனூரில் ஏலம் போகிறது. துவரம் பருப்பு கர்நாடகத்தின் கலபுரகிப் பக்கமிருந்து வருகிறது. போதாததற்கு மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளிலிருந்தும் கப்பலேறி வருகிறது. சீரகத்திற்குக் குஜராத்தின் ஊஞ்சா, பெரிய வெங்காயத்திற்கு மகாராஷ்டிரத்தின் லாசல்காவ், பூண்டிற்கு மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், காய்ந்த மிளகாய்க்கு ஆந்திரத்தின் குண்டூரும் நம் இராமநாதபுரமும் பெயர் பெற்றவை. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது.

இவை எல்லாம் நேரே நம் தெருவுக்கு வந்துவிடுவதில்லை. நடுவே மொத்த வியாபாரச் சந்தைகள் உள்ளன. தென் மாவட்டங்களில் விருதுநகர் அத்தகைய ஊர். அங்கே துவரையோ உளுந்தோ பெரும்பாலும் விளைவதில்லை. ஆயினும் பருப்பு, எண்ணெய், வற்றல் ஆகியவற்றின் விலையை அந்தச் சந்தையே பேசுகிறது. விருதுநகர்ச் சந்தை நிலவரம் என்று செய்தித்தாளில் வரும் பகுதியைப் பல ஊர்க் கடைக்காரர்கள் தவறாமல் படிக்கிறார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு காலமும் உண்டு. உப்பளங்களில் வெயில் காலத்தில்தான் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். ஆகவே மேட்டில் குவித்து மூடிவைத்த உப்பைக் கொண்டுதான் மழைக்காலத்தைக் கடக்க வேண்டும். புளி மாசி, பங்குனி மாதங்களில் உலுக்கப்படுகிறது. அதன் நிறம் கறுத்துப் போகாமல் இருக்கக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். அதற்கு முன்னால் ஓட்டை உடைத்து, நாரும் கொட்டையும் நீக்குவது பெரும்பாலும் பெண்கள். ஒருமுறை உண்டாகும் பொருளை ஆண்டு முழுதும் பகிர்ந்து கொடுப்பதே கிடங்கின் வேலை. ஓரிடத்தில் உண்டாகும் பொருளை எல்லா இடத்திற்கும் பகிர்ந்து கொடுப்பதே வண்டியின் வேலை. காலத்தை வெல்வது கிடங்கு, தூரத்தை வெல்வது வண்டி என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அண்ணாச்சியின் மனக்கணக்கு

கடைக்கார அண்ணாச்சி பெரிய கல்லூரியில் படித்தவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் போடும் கணக்கு நம் கணக்கு ஆசிரியையே மெச்சத் தக்கது.

எடுத்துக்காட்டாக, அவர் நாள்தோறும் 5 கிலோ துவரம் பருப்பு விற்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரிக்குச் சொல்லியனுப்பினால் சரக்கு வந்து சேர 3 நாள் ஆகும். அந்த 3 நாளைக்கு 15 கிலோ வேண்டும். மழையாலோ வேலைநிறுத்தத்தாலோ 2 நாள் தாமதமானால் மேலும் 10 கிலோ வேண்டும். ஆக, கையில் 25 கிலோ இருக்கும்போதே அவர் அடுத்த மூட்டைக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு மூட்டை 50 கிலோ. எனவே 'மூட்டை பாதியானால் சொல்லிவிடு' என்று கடைப்பையனிடம் அவர் கூறும் ஒரு சொல்லில் இவ்வளவு கணக்கும் அடங்கிவிடுகிறது. அந்தப் பத்துக் கிலோவைத்தான் மேலாண்மை நூல்கள் 'காப்பிருப்பு' என்கின்றன.

அப்படியானால் பத்து மூட்டையாக வாங்கி அடுக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மூட்டை என்பது முடங்கிய பணம். ஒரு கணக்குக்காக, 5,000 ரூபாய் மூட்டையில் 400 ரூபாய் மிஞ்சுகிறது என்போம். பத்து நாளில் ஒரு மூட்டை விற்றால், அதே 5,000 ரூபாய் மாதத்தில் மூன்று முறை சுழன்று 1,200 ரூபாய் தரும். மாதம் முழுவதும் முடங்கிக் கிடந்தால் 400 ரூபாய்தான். அதற்குள் வண்டு விழும், எலி கடிக்கும், விலையும் இறங்கக்கூடும். குறைவாக வாங்கினாலோ பொருள் தீர்ந்து வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மிகுதிக்கும் குறைவுக்கும் நடுவே கயிற்றின்மேல் நடப்பது போன்றது கடைக்காரர் வாழ்க்கை.

இத்துடன் பண்டிகைக் கணக்கும் உண்டு. பொங்கலுக்கு வெல்லம், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மைதாவும் முந்திரியும் முன்கூட்டியே வந்தாக வேண்டும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அங்கே கடை வைத்திருப்பவர்கள் கொடியேறிய பிறகு சரக்குக்குச் சொன்னால் நடக்குமா?

பழைய சரக்கை முன்னே வைத்துப் புதுச் சரக்கைப் பின்னே அடுக்குவதும் ஒரு விதி. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். நம் விடுதிப் பண்டக அறையிலும் மூட்டைகள் வந்த தேதியைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருப்பதைக் காணலாம். அதே விதிதான் இது.

தக்காளியின் துன்பம்

பருப்பு பொறுமைசாலி, மாதக்கணக்கில் காத்திருக்கும். தக்காளி அப்படியன்று. பறித்த நாழிகை முதல் அது கெட்டுப்போகத் தொடங்குகிறது. ஆகவேதான் தொலைவுக்கு அனுப்பும் தக்காளியைச் செங்காயாகவே பறிக்கிறார்கள். குளிரிலே வைத்துவிடலாம் என்றால், முற்றாகப் பழுக்காத தக்காளி மிகுந்த குளிரில் நிறமும் சுவையும் கெடும். கூடையில் அடுக்கினால் அடியில் உள்ளவை நசுங்கும். பிளாஸ்டிக் பெட்டிகளில் அனுப்பினால் சேதம் குறையும். நம் சந்தைகளில் 14 கிலோ பெட்டி என்பது வழக்கமான கணக்கு.

திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று. சுற்று வட்டார உழவர்கள் கொண்டுவரும் காய்கறிகளில் பெரும்பகுதி அங்கிருந்து கேரளத்துக்குப் போகிறது. சென்னைக்கு முன்பு கொத்தவால்சாவடி. இடநெருக்கடியால் சந்தை 1996-ஆம் ஆண்டு கோயம்பேட்டுக்கு மாறியது. ஏறத்தாழ 295 ஏக்கர்ப் பரப்புள்ள அவ்வளாகத்தில் இரவெல்லாம் லாரிகள் வந்து நிற்கும். ஊர் உறங்கும் வேளையில் சுமை தூக்குவோர் உறங்குவதில்லை. நாம் எழுந்து பல் துலக்குமுன் தெருக்கடையில் காய்கறி வந்து விடுகிறது.

இந்தக் கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டியது. கொரோனாத் தொற்று பரவியதால் மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்கப்பட்டது. செப்டம்பரில்தான் கோயம்பேடு மீண்டும் படிப்படியாகத் திறந்தது. வயலில் காய் இருந்தது. வீட்டில் தேவையும் இருந்தது. நடுவில் உள்ள ஓர் இடம் தடுமாறியதால் இருபக்கமும் துன்புற்றன.

தக்காளிக்கு இன்னொரு நோயும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகள் சிலவற்றில் அரசு 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த உயர்ந்த விலையைக் கண்டு பலரும் தக்காளி நட்டார்கள். நட்டது எல்லாம் ஒரே வேளையில் பழுத்தது. செப்டம்பரில் பல சந்தைகளில் மொத்த விலை கிலோ 10 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இன்றைய விலையைப் பார்த்து நாளைய பயிரை நட்டால் இப்படித்தான் நேரும். பொருளியல் அறிஞர்கள் இதனைச் 'சிலந்திவலை' என்கிறார்கள். வலையில் சிக்குவது யார் என்று கூற வேண்டியதில்லை.

ஒரு ரூபாயில் யாருக்கு எவ்வளவு?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 2024-இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுத்தாள்கள் ஒரு கேள்வியை எழுப்பின. நாம் கடையில் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? தக்காளியில் 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு என்று அவை கணக்கிட்டன. ஆனால் கொண்டைக்கடலையில் 75 காசும், துவரையில் 65 காசும், பாலில் ஏறத்தாழ 70 காசும் உற்பத்தி செய்தவருக்குக் கிடைக்கிறதாம்.

இந்த வேறுபாடு ஏன்? கடலை கெடாது, ஆகவே விற்பவர் விலைக்காகக் காத்திருக்கலாம். தக்காளி விற்பவர் காத்திருக்க முடியாது. மாலைக்குள் விற்காவிட்டால் வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லவும் வண்டிக்கூலி வேண்டும். கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். இது சரியான விடையாகத் தோன்றுகிறது. ஆனால் பாலை எண்ணிப் பாருங்கள். தக்காளியாவது சில நாள் தாங்கும். கறந்த பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அப்படியிருக்கப் பாலுக்கு மட்டும் 70 காசு எப்படிக் கிடைக்கிறது?

இதற்கு விடை குஜராத்தில் இருக்கிறது. அங்கே கேடா மாவட்டத்தில் 1946-ஆம் ஆண்டு திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு அமைத்தார்கள். 1949-இல் ஆனந்த் நகருக்கு வந்த வர்கீஸ் குரியன் அதை வளர்த்தார். இவர் நம் சென்னை லயோலா கல்லூரியில் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் அந்த முறையை நாடெங்கும் கொண்டு சென்றது. நம் மாநிலத்து ஆவினும் இவ்வகையில் அமைந்ததே. கிராமச் சங்கத்தில் காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, தரத்துக்கேற்ற விலையைக் குறிக்கிறார்கள். பாலை உடனே குளிர்வித்து, வண்டியில் பண்ணைக்கு அனுப்பி, பதப்படுத்தி, பாக்கெட்டில் அடைத்து, விடியுமுன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மிஞ்சிய பால் வீணாவதில்லை. வெண்ணெயும் பால்பொடியுமாக மாறுகிறது. ஒரு மாடு வைத்திருக்கும் ஏழைத் தாயும் அந்தச் சங்கிலியில் ஒரு பங்குதாரர்.

ஆகவே பொருள் விரைவில் கெடும் என்பது மட்டும் காரணம் அன்று. சங்கிலியை யார் கட்டினார்கள், யாருக்காகக் கட்டினார்கள் என்பதும் காரணம். தக்காளிக்குப் பின்னே அத்தகைய வலுவான சங்கிலி இல்லை. நடுவில் உள்ளவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. வண்டிக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, கமிஷன், அழுகல் எல்லாம் அந்த இடைவெளியில்தான் அடங்குகின்றன. அறுவடைக்குப் பிந்திய இழப்பைப் பற்றி 2015-இல் வெளியான மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன ஆய்வின்படி, தக்காளியில் ஏறத்தாழ 12 விழுக்காடு வீணாகிறது. எட்டுப் பழத்தில் ஒரு பழம் யார் வயிற்றுக்கும் போகவில்லை. ஆனால் அதன் விலையையும் மற்ற ஏழு பழங்கள் சுமக்கின்றன.

இந்த இடைவெளியைக் குறைக்க நம் மாநிலத்தில் எடுத்த ஒரு முயற்சி உழவர் சந்தை. முதல் சந்தை மதுரை அண்ணாநகரில் 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. உழவர் தாமே தராசைப் பிடித்து விற்கிறார், கமிஷன் இல்லை. ஆனால் உழவரே ஒரு பொழுதைச் சந்தையில் கழிக்க வேண்டும். அருகில் இருப்பவருக்குத்தான் அது எளிது. எந்த ஏற்பாட்டிலும் நன்மையோடு ஒரு செலவும் சேர்ந்தே வருகிறது.

நியாயவிலைக் கடையின் நீண்ட சங்கிலி

நம் மாநிலத்தில் மிக நீண்ட சங்கிலி நியாயவிலைக் கடைக்கு வருவதுதான். இதை நடத்தவே தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் தொடங்கப்பட்டது. தஞ்சைத் தரணியில் அறுவடையான நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வாங்குகிறார்கள். அது ஆலையில் அரிசியாகி, கிடங்குக்குப் போய், லாரியில் கடைக்கு வருகிறது. 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் இதில் உள்ளன. 2017 முதல் மின்னணுக் குடும்ப அட்டையும் வந்துவிட்டது. எந்தக் கடையில் எவ்வளவு இருப்பு என்பதை இப்போது தலைமையிடத்தில் இருந்தே அறியலாம்.

ஆயினும் இச்சங்கிலியின் முதற்கண்ணியில் ஒரு வேதனை இருக்கிறது. கொள்முதல் செய்யும் நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அறுவடைக் காலத்தில் மழை பெய்தால் நெல் எப்படிக் காயும்? உழவர்கள் சாலையோரத்தில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, முளைவிடாமல் காக்கப் பாடுபடுகிறார்கள். அரசு சில ஆண்டுகளில் வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. ஈர நெல்லைக் கிடங்கில் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அந்த விதியும் காரணமின்றி வந்ததன்று. உலர்த்தும் இயந்திரமும் கூரையுள்ள களமும் போதிய அளவு இருந்தால் விதியும் நிற்கும், உழவரும் நிற்பார். நம் தட்டில் சோறு தடையின்றி விழுவதற்குப் பின்னே எத்தனை இரவு விழித்திருப்பு!

ஒரு வதந்தியின் விலை

செய்தி ஓட்டமே முக்கியமானது என்று முன்பு கூறினேன். அதற்கு ஒரு சான்று தருகிறேன். 2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வட இந்தியாவில் உப்புத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி பரவியது. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் மக்கள் கடைகளில் முண்டியடித்தார்கள்; விலை பல மடங்கு ஏறியது. மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நாட்டில் உப்புக்கா பஞ்சம்? உண்மையில் தட்டுப்பாடே இல்லை. வதந்திதான் தட்டுப்பாட்டை உண்டாக்கியது.

இது எப்படி நடக்கிறது? ஒரு தெருவில் 100 குடும்பங்கள் வாரம் ஒரு பாக்கெட் உப்பு வாங்குகின்றன என்போம். அச்சத்தால் ஆளுக்கு இரண்டு வாங்கினால் 200 ஆகிறது. கடைக்காரர் அடுத்த வாரம் போதாது என்று 300 கேட்கிறார். இப்படிப் பத்துக் கடைக்காரர்கள் கேட்டதும், வழக்கமாக 1,000 அனுப்பும் மொத்த வியாபாரி 4,000 வேண்டும் என்று ஆலைக்கு எழுதுகிறார். ஆலை இரவு பகலாக ஓடுகிறது. ஆனால் அடுத்த வாரம் எந்தக் குடும்பமும் உப்பு வாங்குவதில்லை, வீட்டில்தான் இருக்கிறதே! இப்போது சங்கிலி முழுவதும் உப்பு தேங்கி நிற்கிறது. சாட்டையின் பிடியை இலேசாக அசைத்தால் நுனி வெகுதூரம் வீசுவதுபோல், வீட்டில் எழுந்த சிறு அச்சம் ஆலையில் பெரும் புயலாகிறது. இதைச் 'சாட்டை விளைவு' என்பார்கள். அமெரிக்க அறிஞர் ஜே ஃபாரஸ்டர் 1961-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். இதற்கு மருந்து ஒன்றே. கடையில் உண்மையில் எவ்வளவு விற்றது என்னும் செய்தி ஆலை வரை திரிபின்றிப் போக வேண்டும்.

கோடுகள் பேசுகின்றன

அந்தச் செய்தியைக் கொண்டுசெல்ல வந்ததே பட்டைக்குறி. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் 1916-ஆம் ஆண்டு கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். 1974-ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில் ஒரு கடையில், பட்டைக்குறியைக் கருவி முதன்முதலாகப் படித்து விற்பனை நடந்தது. விற்ற பொருள் ஒரு சூயிங்கம் பொட்டலம்! இன்று பெரிய அங்காடிகளில் கருவி 'கிளிக்' என்று ஒலிக்கும்போது விலை மட்டும் பதிவாவதில்லை; கையிருப்பில் ஒன்று குறைந்தது என்ற செய்தியும் கிடங்குக்குப் போகிறது. உங்கள் வீட்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்கள். இந்திய நிறுவனங்களின் பட்டைக்குறி எண் பெரும்பாலும் 890 என்று தொடங்கும்.

கடை நடத்துவதில் நம்மவர் பின்தங்கியவர் அல்லர். சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ஆம் ஆண்டே தொடங்கப்பட்டது. வாங்குவோரே கடையின் உரிமையாளர் என்பது அதன் கொள்கை. பெரிய அங்காடிக்குக் கணிப்பொறி இருக்கிறது. அண்ணாச்சி கடைக்கோ ஒவ்வொரு வீட்டையும் அறிந்த மனம் இருக்கிறது. மாதக் கடைசியில் பணமில்லாத வீட்டுக்கும் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பவர் அவரே. அந்தப் பற்றைத் தவணையில் தீர்க்காவிட்டால் அவர் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க முடியாது. அங்கும் ஒரு கண்ணி அறுகிறது.

நாம் செய்யக் கூடியவை

தோழியரே! இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி நாமே. மாணவியராகிய நம்மால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். வதந்தியைக் கேட்டு ஓடிப்போய் வாங்கிக் குவிக்காமல் இருக்கலாம். பொட்டலத்தில் அச்சிட்ட தேதியையும் அதிக பட்ச விலையையும் படித்துப் பார்த்து வாங்கலாம். சற்றுக் கோணலான கத்தரிக்காயை ஒதுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். சுவையில் கோணல் இல்லை. தக்காளியை அழுத்தி அழுத்திப் பார்ப்பதை விடலாம். நாம் அழுத்தி விட்டுப்போன பழம் மாலையில் குப்பைக்குப் போகிறது. விடுதியில் உண்பவர்கள் வேண்டிய அளவே தட்டில் வாங்கலாம். உழவர் சந்தை அருகில் இருந்தால் வாரம் ஒருமுறையாவது அங்கே போகலாம்.

வளர்ந்தபின் நம்மில் சிலர் வேளாண்மை படிக்கலாம். சிலர் கணிதம் படிக்கலாம். சிலர் கூட்டுறவுத் துறையில் பணிபுரியலாம். பாலுக்குக் கிடைத்த சங்கிலி தக்காளிக்கும் கிடைக்கச் செய்யும் வேலை இன்னும் முடியாமல் இருக்கிறது. அது நம்மைப் போன்றவர்களுக்காகவே காத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆண்டவர் இயேசு ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேருக்கு உணவளித்தார். புதுமை செய்ய வல்லவராகிய அவரே, அனைவரும் உண்டபின், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. அந்த அப்பங்களும் மீன்களும் ஒரு சிறுவன் கையிலிருந்து வந்தவை என்பதையும் நாம் மறக்கலாகாது. நம் உணவும் பல எளியோரின் கைகளிலிருந்தே வருகிறது. உணவுக்குமுன் செபிக்கும்போது, உழுதவரையும் சுமந்தவரையும் இரவில் வண்டி ஓட்டியவரையும் புளி நார் நீக்கிய பெண்ணையும் ஒரு நொடி நினைப்போம். அவர்களுக்குரிய காசு அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் நாளுக்காகவும் மன்றாடுவோம், உழைப்போம்.